பீச்சாங்கை முறுக்கு

பஞ்சுப் பட்டையை விரலிடுக்கில் பிடித்து இழுக்கும்போது பறக்கிற தூசு மூக்கில் ஏறி, வகுப்பே தும்மும். கிழக்குத் தாம்பரத்தில் ஓடு வேய்ந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் மதியம் நூற்பு வகுப்பு. தலைக்கு மேல் விமானம் இரைந்துகொண்டு போனால் டீச்சர் பேச்சை நிறுத்துவார், பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பேச ஆள் இல்லை. அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றலாகி ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்தவள் நான். போதாக்குறைக்கு இடது கைக்காரி. என் பெயரே "பீச்சாங்கை" என்று ஆகிவிட்டது.

தக்ளி என்பது பெரிய யந்திரம் ஒன்றுமில்லை. மேல்நுனியில் சின்னக் கொக்கியும் கீழே பித்தளை வில்லையும் உள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். பஞ்சின் நுனியைக் கொக்கியில் மாட்டிக் கம்பியைச் சுண்டிவிட்டால், அது தொங்கியபடியே சுழல, பஞ்சு முறுக்கேறி நூலாகும். இரண்டு பேருக்கு ஒரு தக்ளி, மாற்றி மாற்றி நூற்க வேண்டும். எனக்கு வாய்த்த ஜோடி பர்வீன், மார்க்கெட் பக்கம் தையல்கடை வைத்திருந்தவரின் மகள். "உன் பேரு இன்னா?" என்று முதல் நாளே கேட்டாள். அந்த ஊரில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அவளை விட்டுவிடக் கூடாது என்று அன்றே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஆனால் நான் நூற்றுக் கொடுத்ததை அவள் வாங்கிச் சுழற்றியதும் நூல் தொளதொளத்துப் பிரிந்து அறுந்துபோகும், தக்ளி "ணங்" என்று தரையில் விழும். அவள் நூற்றதை நான் தொட்டாலும் அதே கதி.

"வேணும்னே அறுக்கிறா டீச்சர். இவளோட ஒரே பேஜாரா கீது."

"ஒரு கை தட்டினா ஓசை வருமா? ரெண்டு பேரும் பேசாம வேலையப் பாருங்க" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் பர்வீன் வேறொருத்தி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். மிச்சமிருந்த கோணல் தக்ளி ஒன்றுடன் நான் ஜன்னலோரம் தனியாக இருந்தேன். அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது: எல்லாத் தக்ளிகளும் ஒரு பக்கமாகச் சுழல, என்னுடையது மட்டும் எதிர்ப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. நான் ஏற்றிய முறுக்கை அவள் இறக்கியிருக்கிறாள், அவள் ஏற்றியதை நான் இறக்கியிருக்கிறேன். தப்பு யாருடையதும் இல்லை. சொல்லலாம் என்று போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோடை விடுமுறைக்கு அந்தக் கோணல் தக்ளியை டீச்சரிடம் கேட்டு வாங்கிவந்து, "சோத்தாங்கை"யால் நூற்கப் பழகினேன். அறுந்து அறுந்து வீடெல்லாம் பஞ்சு. "இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று அம்மாவுக்கு ஏகச் சந்தோஷம், மகள் திருந்திவிட்டாளாம். நூல் ஒழுங்காக வரத் தொடங்கியதும், பர்வீனிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகையே பார்த்தேன்: "இந்தா, இப்ப நீ சுத்து, அறாது."

பள்ளி திறந்தபோது பர்வீன் வரவில்லை. "அவுங்க வூட்டோட வாணியம்பாடி போயிட்டாங்க" என்றாள் அவளுடைய புது ஜோடி. அந்த ஆண்டு யாருடன் உட்கார்ந்தாலும் என் நூல் அறவில்லை. யாரும் என் பெயரையும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். நூற்பு வகுப்பு என்றால் என் மகளுக்கே தெரியாது. பொத்தேரியில் அவள் படிக்கும் கல்லூரிக் கண்காட்சியில் போன மாதம் ஒரு கடையில் தக்ளியைப் பார்த்ததும் எடுத்துச் சுழற்றினேன். நூல் இழைந்து வந்தது.

"அம்மா, நீ லெஃப்ட் ஹேண்ட் ஆச்சே? இத மட்டும் எப்படி ரைட்ல பண்ற?"

"பழக்கம்" என்றேன். இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். விரல்களுக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. யாருக்காக இந்தக் கையை மாற்றிக்கொண்டேனோ, அவளுக்கு இன்றுவரை அது தெரியாது.