மடவளைக் கடையில் இருந்த என் சிகார் பெட்டி

ஞாயிறு சிகார் வட்டத்து நண்பர்களுக்கு, முதலில் என் முறைப்பாடுகள், நாள்வாரியாக:

1. தைப்பொங்கலன்று: நான் சிகாருடன் இருக்கும் போட்டோவை என்னைக் கேட்காமல் குரூப்பில் போட்டு, "வாரம் ஒன்று சாமியார்" என்று தலைப்பிட்டது.

2. சென்ற போயா (பௌர்ணமி) விடுமுறையன்று: வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்ன பிறகும், இன்னொரு சிகாரை என் சட்டைப் பையில் செருகியது. (கடுகண்ணாவை ரயில் நிலையத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதன் விலை எனக்கும் தெரியும்!)

3. கடந்த செவ்வாய் பகல்: மடவளையில் ரிஸ்வியின் ஹார்ட்வெயார் கடைக்குப் போய், நான் அனுப்பியதாகப் பொய் சொல்லி, என் சிகார் பெட்டியை வாங்கிச் சென்றது.

4. அன்று மாலை: அதே பெட்டிக்கு ரிப்பன் கட்டி, எனக்குப் பிறந்தநாள் பரிசு என்று குண்டசாலை வீட்டில் என் மனைவி வசந்தாவின் கையில் கொடுத்தது.

முதல் இரண்டையும் மறந்துவிட்டேன்.

மற்ற இரண்டும் ஏன் மறக்கக்கூடியவை அல்ல என்பதை, என்னை அறியாதவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் காலத்தில் தொடங்கிய சிகரெட்டை ஐம்பது வயதுக்குப் பிறகே என்னால் விட முடிந்தது.

வைத்தியர் புகையிலையையே விடச் சொன்னார். நான் சிகரெட்டை விட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சிகாரை வைத்துக்கொண்டேன். அது போதாது என்று அவர் தலையை ஆட்டினார். அவர் சொன்னதே சரியாக இருக்கலாம்.

ஆனால் அந்த ஒன்றை நான் நேசிக்கிறேன். நுனியை வெட்டுவது, அவசரப்படாமல் பற்றவைப்பது, புகையை நெஞ்சுக்குள் விடாமல் நாக்கில் மட்டும் வைத்திருப்பது, நாம் கூடும் ஜெயசீலன் வீட்டு விறாந்தையிலிருந்து கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பது.

வாரம் முழுவதும் ஒழுங்காக இருந்ததற்கு அது என் கூலி.

பெட்டி வீட்டில் இருந்தால் இந்த ஒழுங்கு ஒரு நாள்கூட நிற்காது. அது எனக்கும் தெரியும், வசந்தாவுக்கும் தெரியும்.

ஆகவே அதை ரிஸ்வியிடம் ஒப்படைத்தேன். அவர் புகைப்பதுமில்லை, கடையில் புகையிலை விற்பதுமில்லை. பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் உள்ள அலுமாரியில் பெட்டி இருந்தது. இலை காய்ந்துவிடாமல் உள்ளே ஓர் ஈரப் பஞ்சு. அதைக் கூட அவரே நனைத்து வைப்பார்.

நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிறு காலையில் எனக்கு ஒன்று. வேறு நாளில் நானே வந்து கெஞ்சினாலும் இல்லை.

கெஞ்சியும் இருக்கிறேன். வேலையிடத்தில் அவமானப்பட்ட ஒரு நாள் நேராகக் கடைக்குப் போய் நின்றேன்.

"இண்டைக்கி புதன் சேர். ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

குடித்துவிட்டுப் போனேன்.

அந்த மனிதரிடம்தான் ஜெயசீலன், எனது நண்பர், ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், உங்களில் சிலரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறார். "சேருக்கு வரக் கிடைக்கல்ல, எங்கள அனுப்பினார்" என்றிருக்கிறார். நம்பிக்கைக்காக அந்தப் பொங்கல் போட்டோவையும் காட்டியிருக்கிறார்.

செவ்வாய் மாலை நான் வீட்டுக்கு வந்தபோது, பெட்டி சாப்பாட்டு மேசையில் இருந்தது. வசந்தா எதிரே கதிரையில் அமர்ந்திருந்தாள்.

"உங்க பெட்டிய உங்களுக்கே பரிசாக் குடுக்குறாங்களாம். யாருகிட்டங்க கத விடுறீங்க?"

"நான் அனுப்பல வசந்தா."

"அன்னைக்கும் இதத்தான் சொன்னீங்க. த்ரீவீல்காரப் பையன அனுப்பி நான் பக்கத்து வீட்டுல குடுத்து ஒளிச்சு வச்ச சிகரெட்ட வாங்கிட்டு வரச் சொன்னப்பவும்."

அது உண்மை.

பெட்டி அன்றிரவு வீட்டில் இருந்தது. காலையில் அதில் மூன்று குறைந்திருந்தன. மூன்றையும் நெஞ்சுக்குள் இழுத்தேன். வேலைக்குப் போகும் வழியில் ஒரு பக்கெட் சிகரெட் வாங்கினேன். மறைக்க நான் விரும்பவில்லை.

வியாழனன்று மிச்சப் பெட்டியை மடவளைக்குக் கொண்டுபோனேன். ரிஸ்வி அதைத் தொடவில்லை.

"கோவம் ஒண்டும் இல்ல சேர். அமானிதமா, நம்பித் தந்த சாமானாத்தானே வச்சிருந்த? இப்ப ஆள அனுப்பி எடுத்துட்டு, திரும்பவும் வச்சிக்கச் சென்னா எப்புடி? இனி எனக்கு ஏலா."

"நான் அனுப்பல ரிஸ்வி."

"சரி சேர்."

அந்தச் 'சரி'யை வாழ்க்கை முழுவதும் நினைவில் வைத்திருப்பேன்.

கடைக்கு வெளியே நின்றே ஜெயசீலனுக்கு போன் எடுத்து, நடந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

"என்ன மச்சான், பர்த்டேக்கு விடுதலை வாங்கித் தந்தா திட்டுறியா! கடைக்காரன்கிட்ட வாரா வாரம் கையேந்துறது ஒரு வாழ்க்கையா?"

"அவருகிட்ட உண்மையச் சொல்லு."

"அட, ஒரு ஜோக் மச்சான். மூணு அடிச்சிருக்கியே, ருசி எப்பிடி?"

வைத்துவிட்டேன்.

நண்பர்களே, உங்களுக்கு இது பொழுதுபோக்கு. மாலையில் அணைத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். எனக்கும் பொழுதுபோக்காக இருந்தது, இடையில் ஒரு நேர்மையான மனிதர் நின்றிருந்த வரையில் மட்டும். அவரை நீங்கள் அகற்றிவிட்டீர்கள்.

நான் கேட்பது மன்னிப்பு அல்ல.

"பெட்டியை எடுத்துவர அவர் எங்களை அனுப்பவில்லை. அவருக்கு அது தெரியவும் தெரியாது. பொய் சொன்னது நாங்கள்." இந்த மூன்று வாக்கியங்களையும் ஜெயசீலன் தன் கையால் எழுதி, ஒப்பமிட்டு, இரண்டு பிரதிகளாகத் தர வேண்டும். ஒன்று ரிஸ்விக்கு, ஒன்று வசந்தாவுக்கு.

வாய்ஸ் மெசேஜ் ஏற்கப்படாது. சிரிக்கும் இமோஜி ஏற்கப்படாது. இந்தப் பதிவின் கீழ் "சொரி மச்சான்" என்பதும் ஏற்கப்படாது.

இறுதி நேரம்: வரும் வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்காக ரிஸ்வி கடையை அடைப்பதற்கு முன்.

நான் எத்தனை தரம் சொன்னாலும் அந்த இருவரும் "சரி" என்பார்கள். நீங்கள் ஒரு தரம் எழுதினால் நம்புவார்கள்.