எமகண்டத்தில் பிரிக்கக் கூடாது

டவர் கிரேனை நிறுத்தும் நாளில் பூஜை உண்டு, சர்க்கரைப் பொங்கல் உண்டு, முதலாளி காரில் வந்து இறங்குவார், போட்டோ எடுப்பார்கள். பிரிக்கும் நாளில் யாரும் வருவதில்லை. கட்டிடம் முடிந்துவிட்டது, அது இனி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்பு. நேற்றே போயிருக்க வேண்டாமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பாரம் தூக்கும் இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரியாகவே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்து ஆட்கள் செத்ததெல்லாம் அநேகமாக அந்த நாளில்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தொழிற்சாலைக் கட்டுமானத்தில் அப்படி ஒருவர் போனார். விசாரிப்பதற்கு என்னை அனுப்பினார்கள். விசாரணை என்பது எல்லாம் முடிந்த பிறகு வருவது, நானும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன்.

டவர் கிரேனின் நீண்ட கையை ஜிப் என்போம். கோபுரத்தோடு அது கனமான இரும்பு பின்களால் கோக்கப்பட்டிருக்கும். பிரிக்கும்போது கீழே நிற்கும் மொபைல் கிரேன் ஜிப்பைத் தாங்கிப் பிடிக்க, மேலே ஒருவர் சம்மட்டியால் பின்னைத் தட்டி வெளியேற்றுவார். மொபைல் கிரேன் தாங்க மட்டும்தான் வேண்டும், இழுக்கக் கூடாது. பின் இறுகிக்கொண்டது என்று இன்னும் கொஞ்சம் தூக்கினால், பின் விடுபடும்போது ஜிப் மேலே துள்ளும். அன்று துள்ளியது. தட்டிக்கொண்டிருந்தவர் பாரம் தூக்கி இறக்கும் கலாசிகளின் மேஸ்திரி, சதுரங்கப்பட்டினத்துக்காரர். பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார். அதன் கொக்கியை ஜிப்பிலேயே மாட்டியிருந்தார். அவருடைய தம்பி இரண்டடி பின்னால் கோபுரத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

விசாரணை முடிவைத் தொழிலாளர்களுக்குத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி. படித்தேன். மொபைல் கிரேன் அளவுக்கு மேல் தூக்கியது, தூக்கும் எடையைக் காட்டும் லோடு மீட்டரை யாரும் உரக்கப் படிக்கவில்லை, கொக்கி தவறான இடத்தில் மாட்டப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் எளிய தமிழில் எழுதியிருந்தேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தகரக் கொட்டகைக்குள் ஒருவரும் அசையவில்லை. விபத்து நடந்த நேரம், திங்கட்கிழமை காலை எட்டு மணி அளவில், என்று வாசித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“திங்கக்கெயம எட்டு மணியா? ராவு காலம்டா!”

கொட்டகை முழுவதும் பெருமூச்சு விட்டது. காரணம் கிடைத்துவிட்டது. நேரத்தைக் குறிப்பிட வேண்டும் என்பதும் விதிதான்.

சில வருஷம் கழித்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு முடிந்து கிரேனைப் பிரிக்க வேண்டியிருந்தது. வந்திறங்கிய குழுவுக்கு அந்தத் தம்பிதான் மேஸ்திரி. முன்முடி நரைத்திருந்தது. அவருக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன: ராகு காலத்தில் ஒரு பின்னையும் தொடக் கூடாது, கடைசி பின்னை அவர் கைதான் தட்ட வேண்டும். இரண்டாவதை மாற்ற நான் முயன்று பார்த்தேன். “எங்கண்ணன் எடத்துல வேற எவனையாவது நிக்க வெச்சிட்டு நான் வூட்ல போய் சோறு துன்னணுமா சார்?” என்றார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வேலை திங்கட்கிழமைக்கு வைக்கப்பட்டிருந்தது. படூரில் காலையில் இலை அசையாது. முற்பகல் தாண்டியதும் கழிவெளியைக் கடந்து கடல்காற்று வந்துவிடும். அதற்குள் ஜிப் தரைக்கு வந்துவிட வேண்டும் என்பது என் திட்டம். ஆறு மணிக்கே ஆரம்பிக்கலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

“ஏழரைக்கு ராவு காலம் வந்துடுமே சார்.”

“அதுக்குள்ள பாதி முடிச்சிடலாமே.”

“பாதில இன்னா பண்றது? ஜிப்ப அந்தரத்துல வுட்டுட்டு நாஸ்தா துன்னுகினு இருக்கவா?”

நடைமுறை நூலும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது, இத்தனை சுவையாக இல்லை. செவ்வாய்க்குத் தள்ளலாம் என்று புராஜெக்ட் மேனேஜரிடம் போனேன். நெற்றி நிறைய விபூதி பூசும் மனிதர். புதன்கிழமை முதல் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். வாங்கியவர்கள் கம்ப்யூட்டர் கம்பெனிக் குடும்பம். வாசலில் கிரேனை வைத்துக்கொண்டு பால் காய்ச்ச முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். “திங்கக்கிழமையே முடிச்சாகணும் சார்” என்றார்.

ஒன்பது மணிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். மொபைல் கிரேன் நான்கு கால்களையும் ஊன்றிச் சக்கரங்களை அந்தரத்தில் வைத்திருந்ததால், எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைப்பது என்று ஒரு விவாதம் நடந்தது. நான் படித்த எந்த நூலிலும் அதற்கு விடை இல்லை. பிறகு மேஸ்திரியும் இன்னும் இருவரும் மேலே ஏறினார்கள். ஜிப்புக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் கான்கிரீட் எடைகளை, நூல் சொல்கிறபடி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக இறக்கினார்கள். மொபைல் கிரேன் பிடித்துக்கொள்ள, ஜிப்பில் சிலிங் என்னும் கம்பிவடம் கட்டினார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் இழந்த நேரம் இழந்ததுதான்.

அடுத்த படி, ஜிப்பை மேலிருந்து பிடித்திருக்கும் டை பாரைக் கழற்றுவது. அதுவரை எந்த நிமிஷமும் வேலையை நிறுத்தலாம். டை பார் கழன்ற பிறகு நிறுத்த முடியாது. ஜிப் சில பின்களையும் மொபைல் கிரேனையும் நம்பித் தொங்கும், மேலே இருப்பவர் முடித்துத்தான் ஆக வேண்டும். அந்த நீளமான ஜிப்பைக் காற்று பிடித்துத் திருகினால், அவருடைய அண்ணனுக்கு நேர்ந்தது அதே இடத்தில் அவருக்கும் நேரும்.

பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு புடவை மெதுவாக எழுந்து கிடைமட்டமாக நின்றது. கிழக்கே சவுக்குத்தோப்பின் தலைகள் ஒரே பக்கம் சாய்ந்தன. கையிலிருந்த காற்று மீட்டர் நூல் அனுமதிக்கும் அளவைத் தாண்டியிருந்தது.

“நிறுத்தணும்” என்றேன்.

“கடற்கரையில காத்து வராம இருக்குமா?” என்றார் மேனேஜர். “இன்னும் ஒரு மணி நேரம். முடிச்சிடுங்க.”

வாக்கிடாக்கியில் மேஸ்திரி சிரித்தார். “இதெல்லாம் ஒரு காத்தா சார்? எங்க ஊர்ல இதுக்குக் கட்டுமரத்தக் கரையேத்துனா ஊரே சிரிக்கும்.”

“கட்டுமரத்துக்கு இவ்ளோ நீளத்துல கை கிடையாது. டை பாரைத் தொடாதீங்க.”

“ராவு காலம்தான் போயிடுச்சே சார். தட்டவா, வேணாவா?”

சம்மட்டி ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. மேனேஜர் என் கையிலிருந்த வாக்கிடாக்கிக்காகக் கை நீட்டினார். அவருக்குப் பின்னால் சைட் ஆபீஸ் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. படிக்கக் கிடைத்த எதையும் படிக்காமல் விடுவது என் வழக்கமில்லை. திங்கள், எமகண்டம், பத்தரை முதல் பன்னிரண்டு. மணியைப் பார்த்தேன்.

“பத்தரை தாண்டிடுச்சு” என்றேன், வாக்கிடாக்கியிலும் மேனேஜரிடமும் ஒரே சமயத்தில். “எமகண்டம் பொறந்தாச்சு.”

மேனேஜரின் நீட்டிய கை தானாக நெற்றிக்குப் போனது. மேலே மேஸ்திரி சம்மட்டியைத் தாழ்த்தினார்.

“மெய்யாலுமா சார்?”

“காலண்டரைப் பார்த்துத்தான் சொல்றேன்.”

“அப்ப எறங்கிடறோம்.”

அப்படியே இறங்கினால் அதுவும் ஆபத்து. எடைகளை மறுபடி ஏற்றாமல் அந்த நிலையில் கிரேனைக் காற்றில் விட்டுவைக்கக் கூடாது. கான்கிரீட் கட்டிகள் சின்னவை, ஜிப்பைப் போலக் காற்றுக்குப் பிடி கொடுக்காதவை, அதனால் அந்தக் காற்றிலும் ஏற்றலாம். ஆனால் எமகண்டத்தில் ஏற்றச் சொன்னால் இவர் கேட்பாரா? சொன்னேன். யோசித்தார்.

“கயட்டுனாத்தான் சார் தப்பு. எமகண்டத்துல பிரிக்கக் கூடாது, சேக்கலாம். அனுப்பு.”

அது எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கட்டிகள் ஒவ்வொன்றாக மேலே போயின. சிலிங்கை அவிழ்த்தார்கள். கிரேனின் சுழல் பிரேக்கைத் தளர்த்திவிட்டதும், ஜிப் தானாகத் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றது. பிற்பகல் முழுக்க அது அப்படியே முனகிக்கொண்டிருந்தது.

டீ குடிக்கும்போது மேஸ்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“அன்னிக்கி செங்கல்பட்டுல உன்ன மாதிரி நேரம் பாக்கற ஆளு ஒருத்தரு கீய நின்னுகினு இருந்தா, எங்கண்ணன் இருந்துருப்பாரு சார்.”

காற்று மீட்டர் என் சட்டைப்பையில் இருந்தது. ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடிக்கொண்டேன்.

மறுநாள் செவ்வாய். எமகண்டத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவரே வெளுக்கும்போது வந்து நின்றார். காற்றே இல்லை. எடைகள் மறுபடி இறங்கின, ஜிப் சிலிங்கில் நின்றது, டை பார் கழன்றது. மொபைல் கிரேன் ஓட்டுநர் என் சொல்படி லோடு மீட்டரை வாக்கிடாக்கியில் உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி பின் மிஞ்சியது.

“கொக்கி எங்க?” என்று கேட்டேன்.

“டவர்ல சார். ஜிப்ல இல்ல.”

சம்மட்டி ஓசை கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பின் இறுகிக்கொண்டிருந்தது.

“அண்ணாத்த, கொஞ்சம் தூக்கட்டா?” என்றார் ஓட்டுநர், உதவும் எண்ணத்தில்.

வாக்கிடாக்கியில் மேஸ்திரியின் மூச்சு கேட்டது. இதே கேள்வி இதற்கு முன் ஒரு தடவை, அண்ணனுக்கு இரண்டடி பின்னால் நின்றபோது, அவர் காதில் விழுந்திருக்கிறது.

“தூக்காதே” என்றேன். “இறக்கு. ஒரு நூல் அளவு இறக்கு.”

ஓட்டுநர் இறக்கினார். எண்ணைப் படித்தார். சம்மட்டி ஒரே ஒரு தடவை விழுந்தது. பின் நழுவி வெளியே வந்தது. ஜிப் இருந்த இடத்திலேயே இருந்தது. துள்ளவில்லை, நடுங்கக்கூட இல்லை.

ஜிப்பைத் தரையில் படுக்கவைத்த பிறகும் அவர் இறங்கவில்லை. பின்னை இரண்டு கையிலும் ஏந்தியபடி கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கீழே மேனேஜர் அடுத்தது என்ன என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாக்கிடாக்கி கரகரத்தது.

“மணி இன்னா சார்?”

சொன்னேன்.

“நல்ல நேரந்தானே?”

காலண்டரைத் திரும்பிப் பார்க்காமலே ஆமாம் என்றேன்.