நாலு மணிக்கு அழியப்போகும் கோப்பு

மருத்துவமனையில் அவளைச் சாவியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் சாவிக்கொத்து எதுவும் கிடையாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகள் அவள் பொறுப்பு, அவ்வளவுதான். பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்புவது, பழையவற்றை ஒதுக்குவது, நகல் எடுப்பது என்று நாற்பத்தொரு ஸ்கிரிப்டுகள், அதாவது குட்டிக் குட்டி நிரல்கள், கணினியில் தாமாகவே ஓடின. பதினோரு வருஷமாக அத்தனையும் ஒரே கோப்பைத் திறந்துதான் பாஸ்வேர்டைப் படித்தன. யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம் என்று அது திறந்தே கிடந்தது.

இனி அந்தக் கதை நடக்காது என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. பாஸ்வேர்டுகளைக் கணினிக்குள்ளேயே பூட்டிய ஒரு பெட்டகத்தில் வைக்க வேண்டும். ஸ்கிரிப்டுகள் அங்கே கேட்டு வாங்க வேண்டும். இன்று நாலு மணிக்குப் பழைய கோப்பு அழியும். அதன்பின் ஒரு ஸ்கிரிப்ட் படுத்தாலும் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும்; அவள் ரெக்கார்டு அறைக்குப் போக வேண்டியதுதான்.

மூன்று மணிக்குக் கடைசிச் சோதனை. திரையில் நாற்பத்தொன்றும் பச்சை, எல்லாம் பாஸ்!

"அசத்திட்டீங்கக்கா! இப்பவே அழிச்சிடலாமா?" மேலாளருக்குக் கை குறுகுறுத்தது.

அவளுக்கோ சந்தேகம் தட்டியது. ஒன்றுகூடவா சொதப்பாது? ஒரு ஸ்கிரிப்டைத் திறந்தாள். அவளே எழுதிய வரி அவளைப் பார்த்துப் பல்லை இளித்தது: பெட்டகம் திறக்காவிட்டால் பழைய கோப்பைப் படி. மாற்றும் நாட்களில் யாருக்கும் சிரமம் வேண்டாமே என்று நல்ல மனசோடு எல்லாவற்றிலும் போட்டுவைத்த வரி. கோப்பு இருக்கிறவரை எல்லாம் பச்சையாகத்தானே இருக்கும்!

"வேணாம் சார், நாலு மணி வரைக்கும் பொறுங்க. முதல்ல நானே அதை ஒளிச்சு வெச்சுப் பாக்கறேன்."

கோப்பின் பெயரை மாற்றினாள். அந்த வரியை நாற்பத்தொன்றிலிருந்தும் வெட்டி எறிந்தாள். மறுபடி ஓட்டினாள். மூன்று சிவப்பு! அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. திருடன் கையும் களவுமாகச் சிக்கினால் யாருக்குத்தான் குஷி வராது? மூன்றுக்கும் பெட்டகத்தைத் திறக்க அனுமதி கொடுக்கவே அவள் மறந்திருந்தாள். அதில் ஒன்று, வார்டுகளுக்கு முடிவு அனுப்புவது. விரல்கள் பறந்தன. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கடைசிச் சிவப்பும் பச்சையானது.

நாலு மணிக்கு மேலாளர் கோப்பை அழித்தார். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்து நிமிடத்தில் போன் அடித்தது. வார்டில் நர்ஸாக இருக்கும் தங்கை.

"என்னக்கா, நாலு மணிக்கு என்னமோ பெருசா நடக்கப்போகுதுன்ன? ரிசல்ட் எல்லாம் எப்பவும்போல வருது. இங்க ஒண்ணுமே நடக்கலையே!"

"ஒண்ணுமே நடக்கலையாடி?" நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "இரு, ஸ்பீக்கர்ல போடறேன், எங்க சாரும் கேக்கட்டும். எங்க, இன்னொரு தடவை சொல்லு!"