தலையில் வட்டம் வைத்த எழுத்து

எங்கள் வீட்டுக் கணினி சூடேறினால் வறுத்த மிளகாய் வாசம் வரும். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில் அதை வைக்க வேறு இடம் இல்லாததால், சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், தொலைபேசி வயர் எட்டும் தூரத்தில் மேசை போட்டு அப்பா அதை வைத்திருந்தார். அம்மாவோ பனிக்காலத்தில் சன்னலைத் திறக்க முடியாமல், கறித்தூளுக்கு மிளகாயையும் மல்லியையும் அடைத்த வீட்டுக்குள்ளேயே வறுப்பார். அந்தப் புகையும் தூளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பெட்டிக்குள் குடியேறிவிட்டன. உள்ளே விசிறி சுழலத் தொடங்கியதும் எனக்கு மூக்கு அரிக்கும். மோடம் கீச்சிட்டுக் கத்தி முடிய, நான் தும்மி முடிய, இணையம் வந்து சேரும். இன்றைக்கும் யாராவது இணையத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசத் தொடங்கினால் எனக்கு முதலில் மூக்குத்தான் அரிக்கிறது.

பழைய கணினிகளைக் கழித்துவிட்ட ஓர் அலுவலகத்திலிருந்து அப்பா அதைக் காவிக்கொண்டு வந்தது, அவர் சொன்னபடி, "பிள்ளையின்ரை படிப்புக்கு". அம்மா அதற்குப் பூப்போட்ட மேசைச்சீலை ஒன்றைப் போர்த்து வைத்தார். ஆனாலும் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இணையம் ஓடும்போது தொலைபேசி வேலை செய்யாது என்பதுதான் காரணம். ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. எப்போது யார் எங்கிருந்து எடுப்பார்கள் என்று தெரியாது, எடுக்கிற அந்த ஒரு தரம் எங்கள் லைன் கிடைக்காவிட்டால் மறுபடி எடுக்க அவர்களுக்கு வழி இருக்குமா என்றும் தெரியாது. அதனால் நான் கணினிக்கு முன்னால் இருக்கும் நேரமெல்லாம் சமையலறைக்குள்ளிருந்து "லைனை விடு பிள்ளை, லைனை விடு" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருக்கும்.

அம்மா நம்பியது தொலைக்காட்சியைத்தான், அதிலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வரும் வானிலையை. நோர்வேயின் வரைபடம் திரையில் வந்ததும், ஒஸ்லோவுக்கு மழையா வெயிலா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அவருடைய கண் நேரே உச்சிக்குப் போகும். அங்கே ஹம்மர்பெஸ்ட் என்ற பெயரும், அதற்குப் பக்கத்தில் புயலோ பனியோ ஏதோ ஒரு கொடுமையும் இருக்கும். "பாவங்கள், அங்கை எப்பிடித்தான் இருக்குதுகளோ" என்பார். அந்த ஊரில் அவருக்கு ஒருவரையும் தெரியாது. சும்மா ஓர் இரக்கம். சொல்லிவிட்டுப் பிட்டை எடுத்துப் போடுவார்.

அம்மாவின் மனத்தை மாற்றியது எங்கள் ஊருக்கென்று யாரோ தொடங்கிய ஓர் இணையத்தளம். அந்த நாட்களில் வெளிநாடுகளில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர், கையில் கொஞ்சம் ஓய்வும் ஒரு கணினியும் கிடைத்தால், ஊர்ப் பெயரில் ஒரு பக்கம் திறந்துவிடுவார்கள். ஒரு கோயில் கோபுரப் படம், பள்ளிக்கூடப் படம், மரண அறிவித்தல், அடியில் யாரும் எழுதிவிட்டுப் போகக்கூடிய "கெஸ்ட்புக்". இடம்பெயர்ந்து பத்துத் திசைக்கும் சிதறிப்போன ஊர், அந்த ஒரு பக்கத்தில் வந்து மறுபடியும் கூடியது. கூடியதும் பழையபடி சண்டையும் பிடித்தது. தேர்த்திருவிழாவுக்குக் காசு சேர்த்தவரைப் பற்றி ஒருவர் எழுத, லண்டனிலிருந்து ஒருவர் மறுக்க, பிரான்சிலிருந்து ஒருவர் இரண்டு பேருடைய தகப்பன்மாரையும் இழுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இவற்றை வாசித்துச் சொல்ல, அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்பார். சிரிப்பார். ஊர்க்காரரின் சண்டையைக் கேட்டே அவருக்குப் பாதிக் கவலை போய்விடும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர், கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, "யோகம் எங்கை எண்டு உதிலை கேக்கலாமோ?" என்றார்.

யோகம் என்பது யோகமலர், அம்மாவின் உயிர்ச் சிநேகிதி. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், ஒரே சைக்கிளில் டியூசனுக்குப் போனவர்கள். அம்மா கல்யாணம் கட்டி நோர்வேக்கு வந்த பிறகும் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டு நடந்த இடப்பெயர்வோடு அது நின்றுபோயிற்று. கனடாவுக்குப் போய்விட்டாள் என்று ஒருவர் சொன்னார், வன்னியில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். மூன்றாவது ஆளும் ஒரு கதை சொன்னார். கடலைக் கடக்கும்போது அந்தப் படகுக்கு என்னவோ நடந்தது என்று. அந்தக் கதையை அம்மா எங்கள் ஒருவருக்கும் முழுதாகச் சொன்னதில்லை, ஆனால் அதுதான் அவருக்குள் இருந்தது என்பது எனக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

என்ன எழுதுவது என்று கேட்டேன். "யோகம், நான் சாந்தி. நீ இருக்கிறியா?" என்று சொன்ன அம்மா, "அவ்வளவும் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

தமிழ் எழுத்து வருவதற்கு அந்தப் பக்கத்துக்கென்று தனியே ஓர் எழுத்துரு வேண்டும். அது எங்களிடம் இல்லாததால் திரையில் பெட்டி பெட்டியாகத்தான் வரும். எல்லோரையும்போல நானும் தமிழை வேற்று எழுத்தில்தான் எழுதவேண்டும். இங்கேதான் என் கைவண்ணம். மற்றவர்கள் எழுதியது ஆங்கில எழுத்தில். நானோ ஹவுகன்ஸ்டுவாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, எனக்குத் தெரிந்தது நோர்வே எழுத்து. நோர்வேக்காரருக்கு j என்றால் ‘ய’. ‘ஓ’ என்ற ஓசைக்கு அவர்களிடம் a-வின் தலையில் ஒரு சின்ன வட்டம் வைத்த å என்ற எழுத்து இருக்கிறது. வீட்டில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லும் ‘ஓம்’ என்ற சொல்லை நாங்கள் தமிழ்ப் பிள்ளைகள் åm என்றுதான் எங்களுக்குள் எழுதிக்கொள்வோம். ஆகவே யோகத்தை Jågam என்று எழுதினேன், இருக்கிறியா என்பதை irukkirija என்று முடித்தேன், பெருமையாக அனுப்பியும் விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் கூடிவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருந்தவர்கள் அதை வாசித்த விதத்தில், யோகம் ‘ஜகம்’ ஆகிவிட்டது. "ஜகம், நீ இருக்கிறிஜா?" என்று, உலகத்தைப் பார்த்து நீ இருக்கிறாயா என்று யாரோ ஒரு சாந்தி கேட்கிறாராம். "எங்கடை ஊரிலையும் ஒரு ஞானி பிறந்திட்டா" என்று ஒருவர் எழுதினார். "உலகம் இஞ்சை கனடாவிலை பத்திரமாய் இருக்குது தங்கச்சி, பயப்பிடாதையுங்கோ" என்று இன்னொருவர். தேர்க் காசுச் சண்டைக்காரர்கள்கூட ஒற்றுமையாகச் சேர்ந்து சிரித்திருந்தார்கள். முன்பின் அறியாதவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ஒருவரைப் பகிடி பண்ணுவதை நான் முதல்முதலில் கண்டது அன்றைக்குத்தான்; அது பிறகு உலகம் முழுவதற்கும் பொழுதுபோக்காகும் என்று எனக்குத் தெரியாது. வாசித்துக்கொண்டு போனவள் பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்பா, "நாளைக்கு ஒழுங்கா இங்கிலீசிலை எழுதுவம், Y போட்டு" என்றார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

"ஒருக்காக் கேட்டாச்சு. திருப்பித் திருப்பிக் கேட்டால், இல்லையெண்டு ஆரும் சொல்லிப்போடுவினம்."

அப்பா கணினியை அணைத்தார். கணினிமேல் மேசைச்சீலை போர்த்தபடியே கிடந்தது. அம்மா வானிலை பார்த்தார், ஹம்மர்பெஸ்ட்டுக்காகப் பாவப்பட்டார், மிளகாய் வறுத்தார். நான் மட்டும், பள்ளிக்கூட வேலை என்று சொல்லிவிட்டு, இடைக்கிடை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு நாள், அத்தனை பகிடிகளுக்கும் கீழே, ஒரு வரி வந்திருந்தது. பெயர் இருந்த இடத்தில் Jågam. செய்தி இருந்த இடத்தில்: åm, irukkiren. Saanthi, nii engkai?

இங்கிலீஷ் தெரிந்த யாரும் அப்படி எழுதமாட்டார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற ஒருவருக்கு அந்த வட்டம் வைத்த எழுத்து விசைப்பலகையிலேயே இருக்காது. எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது எனக்கு அந்த ஓர் எழுத்திலேயே விளங்கிவிட்டது. விளங்கியதும் நான் போட்ட சத்தத்தில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். வாசித்துச் சொன்னேன். அவர் திரையை நம்பாமல் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் தொலைபேசி எண்ணை எழுதட்டுமா, ஊர் முழுக்கப் பார்க்குமே என்று கேட்டேன். ஒரு புகைப்படம்கூடப் பிறத்தியாருக்குக் காட்ட யோசிக்கிற அம்மா, "போடு" என்றார்.

போட்டுவிட்டு இருவரும் காத்திருந்தோம். பதில் வருகிறதா என்று நான் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்தேன். அடுப்பில் இருந்தது கருகியது, விசிறி மிளகாய் வாசத்தை எங்கள் முகத்தில் ஊதியது, நான் தும்மினேன், பின்னேரம் போய்க்கொண்டே இருந்தது. வேலையால் வந்த அப்பா, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே விசயத்தைக் கேட்டுவிட்டு, "சாந்தி, உது ஓடிக்கொண்டிருந்தால் அவள் எப்பிடி எடுக்கிறது?" என்றார். எத்தனையோ நாள் "லைனை விடு" என்று கத்திய அம்மாவுக்கு, அன்றைக்கென்று அது மறந்துபோயிருந்தது. பாய்ந்து வயரைப் பிடுங்கியது அவர்தான்.

தொலைபேசி அந்தக் கணமே அடித்தது. அம்மா எடுத்தார். ஹலோ சொல்லவில்லை.

"இருக்கிறியா?" என்றார்.

அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. "ஓம்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கனநேரத்துக்குப் பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல், நான் அதுவரை கேட்டிராத ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் குரலாக, "எங்கை எண்டனீ? ஹம்மர்பெஸ்டோ? அடி விசரி, உன்னைத்தானேடி ஒவ்வொரு நாளும் ரீவியிலை பாத்துப் பாவப்பட்டனான்" என்றது.

யோகம் அன்ரி அந்த ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். இங்கிலீஷ் அவருக்குச் சரிவராது. இங்கே வந்து நோர்வே மொழி வகுப்பில்தான் இந்த எழுத்துகளையே பழகியிருக்கிறார். நூலகத்துக் கணினியில் ஊர்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு போனவரின் கண்ணில் அந்த வட்டம் பட்டிருக்கிறது. "மற்றவை எழுதினது எனக்கு ஒண்டும் விளங்கேல்லை பிள்ளை, நீ எழுதினதுதான் தமிழ் மாதிரி இருந்தது" என்று, அந்தக் கோடையில் முதல்தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் கன்னத்தைப் பிடித்துச் சொன்னார். என் தமிழை யாரும் பாராட்டியது அதுதான் முதலும் கடைசியும்.

இப்போது அந்த ஊர்ப் பக்கம் இல்லை. அண்மையில் முகவரியைத் தட்டிப் பார்த்தபோது யாரோ சப்பாத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கோபுரமும் தேர்ச் சண்டையும் உலகத்துக்கு உத்தரவாதம் தந்த கனடாக்காரரும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கணினியை அப்பா எப்போதோ கழித்துவிட்டார்; லைனை விடச் சொல்லி இன்றைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. அம்மாவின் கைபேசியில் நான் தமிழ் எழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மருத்துவக் குறிப்பும் கோயில் அறிவித்தலும் வந்த வேகத்திலேயே ஐம்பது பேருக்கு அனுப்புகிறார். யோகம் அன்ரிக்கு மட்டும் அந்தத் தமிழ் இல்லை. ஒவ்வொரு காலையும் இங்கிருந்து irukkirija என்று போகும். அங்கிருந்து åm என்று வரும். சண்டை முடிந்து எத்தனையோ வருடமாகியும் அந்தக் கேள்வியை அம்மா விடவில்லை.

போன பனிக்காலத்தில் ஒரு நாள் நான் அம்மா வீட்டுக்குப் போனபோது, மத்தியானமாகியும் பதில் வரவில்லை. அம்மா சாப்பிடாமல் கைபேசியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான் எடுத்துக் கேட்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். இருட்டத் தொடங்கிய நேரத்தில் திரை ஒளிர்ந்தது. å என்று ஓர் எழுத்து மட்டும். யோகம் அன்ரி கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கட்டுப் போட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தடவித் தடவி அவ்வளவைத்தான் அழுத்த முடிந்திருக்கிறது.

"ம் வரேல்லையே அம்மா" என்றேன்.

"காணும்" என்று அம்மா எழுந்து, சோற்றைச் சூடாக்கப் போனார். "ஓ எண்டாலும் ஓம்தானே."