போடியார் படித்த சீன மரியாதை

எங்கள் விவசாயக் குழுத் தலைவர் ஊரறிந்த போடியார். கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வைத்திருப்பவர். அவர் வாயிலிருந்து ஒரு பணிவான சொல் வந்ததை மண்டூரில் காக்கா குருவி கூடக் கேட்டிருக்காது. தேத்தண்ணி வேண்டுமென்றால் வீட்டுக்குள் பார்த்துத் தொண்டையைச் செருமுவார். மனைவி கொண்டுவந்து வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர், அறுபது வயதில், சீன மொழியில் பணிவாகக் கேட்பது எப்படி என்று படிக்கக் கிளம்பினார். குழுவின் செயலாளர் என்ற குற்றத்துக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எங்கள் வட்டையின் வயல்களை ஒட்டி ஒரு சீனக் கம்பனி ரோட்டு வேலை செய்துகொண்டிருந்தது. வரம்பு, வாய்க்கால் என்று எதற்கும் அதன் இஞ்சினியரிடம்தான் போய்க் கேட்க வேண்டும், அவருக்கோ சீனம் தவிர வேறொன்றும் ஓடாது. மொழிபெயர்க்க வந்தவர் பாதிநாள் லீவில் நிற்பார். போனில் மொழிபெயர்க்கலாமே என்றேன். "மனுசனோட மனுசன் கதைக்கக்குள்ள இடையில போன் என்னத்துக்கு? மரியாதையில்ல" என்றார் போடியார். மரியாதையைப் பற்றி அவர் சொல்ல நான் கேட்க வேண்டிவந்தது, என் தலைவிதி.

சனிக்கிழமைகளில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, பஸ் பிடித்து மட்டக்களப்பு டவுனுக்குப் போவோம். சீனாவில் படித்துவிட்டு வந்த ஓர் இளம் ரீச்சர் சொல்லித்தந்தார். 'ச்சிங்' என்று தொடங்கினால் வேண்டுகோள். 'மாஃபன் நீ' என்றால், உங்களுக்குத் தொந்தரவு தருகிறேன். 'நெங் பு நெங்' என்றால், முடியுமா முடியாதா. சீனத்திலும் முன்னால் நிற்பவர் 'நீ'தான் என்று கேட்டதும் போடியார் குளிர்ந்துபோனார். ஊரில் எல்லோரையும் அப்படித்தானே கூப்பிடுகிறார். மரியாதைக்கு 'நின்' என்று வேறொரு சொல் இருக்கிறது என்றார் ரீச்சர்.

"அப்ப அவன் என்னை நின் எண்டு சொல்லுவானா?" இதுதான் இவருடைய கேள்வி. சீ, என்ன மனிதர்! ஆறு வாரத்தில் நான் வாக்கியமாகக் கேட்கப் பழகிவிட்டேன். அவர் தலை குனியப் பழகினார், அதுவும் அரைவாசி.

மாரி மழை பிடித்த கிழமையே, ரோட்டுக்குக் குவித்திருந்த மண் சரிந்து வடிகால் வாய்க்காலை அடைத்துவிட்டது. மண்வெட்டிக்கு அடங்குகிற குவியல் இல்லை. என் இரண்டு ஏக்கரும் பள்ளத்தில். விதைத்து இருபது நாள் பயிர், நுனி கூடத் தெரியாமல் தண்ணீருக்குள் கிடந்தது. நாலைந்து நாளில் வடியாவிட்டால் அழுகிவிடும். எனக்கு வேறு வயலும் இல்லை, வேறு வருமானமும் இல்லை. போடியாருடையது மேட்டுவயல், அவருக்கென்ன. கம்பனியின் மண் அள்ளும் மெசின், அந்தப் பெக்கோ, வந்து ஒருதரம் அள்ளினால் போதும். போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலை போடியார் வெள்ளை வேட்டி கட்டி, பித்தளை வட்டாவில் வெற்றிலை பாக்கு அடுக்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் கேட்கப் போனால் வட்டாவைத்தான் முதலில் நீட்டுவோம். எதிரில் இருப்பவர் ஒரு வெற்றிலை எடுத்த பிறகே வாயைத் திறக்கலாம். எடுக்காவிட்டால், உன் பேச்சே வேண்டாம் என்று அர்த்தம்.

"நீ பேசாம இரி புள்ள, நான் கதைக்கிறன்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார்.

இஞ்சினியர் சின்ன வயதுக்காரர். வட்டாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு கையாலும் வாங்கி, போனில் படம் பிடித்து, அலுமாரிக்கு மேல் பத்திரமாக வைத்தார். பரிசென்று நினைத்துவிட்டார், பாவம். வெற்றிலையைத் தொடவில்லை. போடியார் காத்திருந்தார். இஞ்சினியரும் சிரித்தபடி காத்திருந்தார். யன்னலுக்கு வெளியே பெக்கோ சும்மா நின்றது. கொஞ்ச நேரத்தில் போடியார் விருட்டென்று எழும்பினார்.

"வெத்தில எடுக்காதவனிட்ட நான் என்னத்தக் கேக்கிற? வா போவம்."

ஆறு வாரம் படித்த சீனத்தில் ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து விழவில்லை. தூ, இதற்கா படகேறி பஸ்ஸேறி அலைந்தது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கேட்க வேண்டியது முழுவதும் என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நானும் பேசாமல் அவர் பின்னால் நடந்தேன். பேசாமல் இரு என்றவரே வரட்டும். தங்கச்சி, நீ ஒருக்காக் கேட்டுப் பாரன் என்று அந்த வாயாலேயே சொல்லட்டும். மறுநாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அதற்கடுத்த நாளும் இருந்தேன். வருவாரா அவர்?

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் சைக்கிளை எடுத்தேன். இஞ்சினியர் வாசலிலேயே நின்றார். "மாஃபன் நின்" என்று தொடங்கி, "நெங் பு நெங்" என்று கேட்டு, மிச்சத்துக்குத் தண்ணீர், மண் என்று தெரிந்த சொற்களைச் சொல்லி வாய்க்காலைக் கையால் காட்டினேன். "நெங், நெங்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு அவரே கூட வந்தார். கால் மணித்தியாலத்தில் பெக்கோ மண்ணை அள்ளி முடித்தது.

பின்னேரம் தண்ணீர் வடிந்தது. வரம்போரம் கொஞ்சம் பச்சை தெரிந்தது. மற்றதெல்லாம் பழுத்து, தொட்டால் வழுக்கி, இழுத்தால் கையோடு வந்தது. ஒரே நாற்றம். விசயம் கேள்விப்பட்டுப் போடியார் வந்து வரம்பில் நின்றார்.

"உனக்கு முழுக்கக் கேக்கத் தெரிஞ்சிரிக்கே புள்ள. மறுகா ஏன் அண்டைக்கே கேக்கல்ல?"

"நீங்க கேக்கச் சொல்லல்லியே" என்றேன்.

அவர் என் கையிலிருந்த பயிரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆறு வாரம் அந்த வகுப்பில் நான் அவரைப் பார்த்த பார்வை அது.