பத்தியில் இல்லாத பதில்

என் அக்கா பதினான்கு வருடமாக ஒரே வார்டில் நர்ஸ். நாலு நாள் லீவு கேட்டால் போதும், அவள் போனால் வார்டை யார் பார்ப்பது என்பார் மேட்ரன். கேட்க புகழ்ச்சி மாதிரி இருக்கும். அவளைக் கட்டிப்போட்ட கயிறே அதுதான்.

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளுக்கு ஓர் இடம் வைத்திருந்தது. குறுக்கே ஓர் ஆங்கிலத் தேர்வு நின்றது. மூன்று முறை எழுதினாள். பேச்சு, எழுத்து எல்லாம் தேறி, பத்தியை வாசித்துப் பதில் சொல்லும் பகுதியில் மட்டும் சறுக்கினாள். நான்காவதிலும் தவறினால் அந்த இடம் வேறொருத்திக்கு.

பள்ளியில் ஆங்கிலம் எடுக்கும் நானே அவளுக்கு வாத்தியார் ஆனேன். ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, பத்தியின்படி அது சரியா, தவறா, சொல்லப்படவில்லையா என்று கேட்பார்கள். படுக்கைப்புண் பற்றி ஒரு பத்தி. நோயாளியை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது வாக்கியம். பத்தியில் அந்தப் பேச்சே இல்லை. அக்கா 'சரி' என்று போட்டுவிட்டு, தினமும் தான் செய்வதாயிற்றே என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உன் அனுபவத்தை யார் கேட்டார்கள், தாளில் இருப்பதை மட்டும் பார் என்று கத்தினேன்.

ஆறு வாரம் விடவில்லை. டியூட்டி முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல் சமையலறை மேசையில் செக்குமாடாகச் சுற்றினாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கடைசியில் வீட்டுப் பயிற்சித் தாளில் நாற்பது கேள்வியில் ஒன்றுகூடத் தவறவில்லை.

நான்காவது முறை எழுதினாள். முடிவு வந்தது. தேற ஒரே ஒரு மதிப்பெண் குறைவு. எந்தக் கேள்வியில் கோட்டைவிட்டாள் என்று காலையிலேயே தோண்டித் துருவினேன். ஒரு மருத்துவமனையைப் பற்றிய பத்தியாம். புதுக் கட்டடம், கட்டில் எண்ணிக்கை, ஷிப்டு நேரம், அவ்வளவுதான். வாக்கியம் இது: 'இங்குள்ள நர்சுகள் மனநிறைவோடு வேலை செய்கிறார்கள்.'

"அதைப் பத்தி பத்தியில ஏதாவது இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப சொல்லப்படலைன்னுதானே போடணும்? அதுகூடவா மறந்துபோச்சு?"

"மறக்கல. மொதல்ல அப்படித்தான் போட்டேன். மணியடிக்க ஒரு நிமிஷம் இருக்கறப்ப அழிச்சுட்டு, தப்புன்னு போட்டேன்."

"ஏங்க்கா?"

"பதினாலு வருஷத்துல அதை என்கிட்ட கேட்டது அந்தத் தாள் ஒண்ணுதான்டி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. டியூட்டிக்கு நேரமாயிற்று என்று செருப்பைத் தேடினாள்.