கரையில் இருந்த அப்பாவின் நம்பர்

குளச்சலில் கடற்கரைக்கு இறங்கும் சாலையில், மருந்துக்கடைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் நடுவே ஒரே ஒரு அறையில் டெல்சியின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுழலும்போது முனகும் ஒரு டேபிள் ஃபேன், இவற்றுக்கு நடுவில் டெல்சி. வயது முப்பத்தைந்து. பிளஸ் டூ முடித்து, அக்கா கல்யாணச் சந்தடியில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட மறந்துபோய், பிறகு டைப்பிங் படித்து, இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தவள். பதினோரு வருடமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறாள். ஆனால் கல்லூரி வகுப்பறைக்குள் அவள் இருந்தது மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு பெண்ணுக்குத் துணையாக நாகர்கோவில் போனபோது, ஆளில்லாத ஒரு வகுப்பில் புகுந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள். வாட்ச்மேன் வந்து எழுப்பிவிட்டார்.

அங்கே உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது என்பது அவளுக்குத் தீராத கேள்வி. அதனால் விண்ணப்பம் நிரப்ப வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு சத்தியம் வாங்கிவிடுவாள்: முதல் லீவுக்கு ஊருக்கு வரும்போது கடைக்கு வர வேண்டும்; முன்னாலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிள்ளைகளும் வந்தார்கள். சொன்னதையெல்லாம் டெல்சி 'வந்தவங்க சொன்னது' என்று ஒரு ஃபைலில் டைப் செய்து வைத்தாள்.

கோட்டாற்று ரிஸ்மா வந்து, ஹாஸ்டலுக்கு வாளி சுமந்துகொண்டு பஸ் ஏறினால் நான்கு மணி நேரம் அதை மடியில் வைத்திருக்க வேண்டும், வாளி எல்லா ஊரிலும் விற்கிறது என்றாள். பிரைட்டன் சொன்னது வேறு. "முதல் மாசம் கிளாசுல ஒண்ணும் விளங்காதுக்கா. நமக்கு மட்டும்தான்னு நெனச்சு ஒருத்தன்கிட்டயும் கேக்காம இருந்தேன். பொறவு பாத்தா, தலைய ஆட்டிக்கிட்டு இருந்த ஒருத்தனுக்கும் விளங்கல்ல." டி.சி.யைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் பத்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளணும் என்று ஏழு பேர் சொல்லியிருந்தார்கள். வீட்டு நினைப்பு முதல் நாள் வராது, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வரும், மீன் குழம்பு என்ற பெயரில் மஞ்சள் தண்ணி ஊற்றும்போது வரும் என்று ஒருத்தி தேதி குறித்தே சொன்னாள். நம் பேச்சைக் கேட்டு "நீங்க கேரளாவா?" என்று கேட்பார்களாம். கேட்கட்டும், இரண்டு மாதத்தில் அவர்களும் மக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள் என்றும் ஒரு குறிப்பு இருந்தது.

இதையெல்லாம் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுப்பாள். கல்லூரிக்கே போகாதவள் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்கிறாளே என்று ஐஸ் கம்பெனிக்காரர் கிண்டல் செய்வார். டெல்சி அதற்கெல்லாம் அசருகிறவள் இல்லை.

விண்ணப்பம் தொடங்குமுன் அவள் கேட்கும் முதல் கேள்வி ஊருக்கே பாடம்: "அப்பா கடல்லயா, கரையிலயா?"

காரணம் இருக்கிறது. கடற்கரை வீடுகளில் எதற்கு நம்பர் கேட்டாலும் அப்பா நம்பர்தான் கொடுப்பார்கள். ரேஷன் கார்டில் அது, கேஸ் புக்கில் அது, ஆதாரில் அது. குடும்பத் தலைவர் இருக்கும்போது பொம்பளை நம்பரைக் கொடுப்பது மரியாதை இல்லை என்று ஒரு நினைப்பு. தலைவரோ விசைப்படகில் ஏறினால் ஒரு மாதம் ஆழ்கடலில் இருப்பார். டவர் கிடைக்காத அந்த போனுக்குத்தான் ஓ.டி.பி. போகும். கல்ஃபில் வாப்பா இருக்கும் வீடுகளிலும் இதே கூத்துதான். ஆகவே டெல்சி வைத்த சட்டம்: அப்பா கடலில் என்றால் அம்மா நம்பர். அப்பா கரையில் என்றால் அப்பா நம்பர்.

இந்தச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்ததை அவள் பதினோரு வருடமாகக் கவனிக்கவில்லை.

ஜூன் மாதம் சுபிதா வந்தாள். ஏசுஅடிமையின் ஒரே மகள். ஏசுஅடிமையும் கூடவே வந்திருந்தார், சலவைச் சட்டை போட்டு, தலையை ஈரமாக வாரி. டெல்சி வழக்கம்போலக் கேட்டாள்.

"கண்ணு தெரியல்லியா பிள்ளே? முன்னாலதான இருக்கேன்" என்றார் அவர். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். டெல்சியும் சிரித்தாள். அவர் எழுந்து நின்று, பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் டைப் செய்தாள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் நம் பக்கத்துக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், அப்பாமார் எல்லாரும் கரையில் இருப்பார்கள். ஆகஸ்ட் பிறந்தால் ஒருவர் மிச்சமில்லாமல் கடலில் இருப்பார்கள். மற்ற வருடங்களில் பிள்ளைகள் சேரும் வேலை ஜூலையோடு முடிந்துவிட்டது, ஓட்டை தெரியவில்லை. இந்த வருடம் சுபிதாவுக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் கிடைத்தது. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, திருச்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அவள் முதலாவதாகக் கேட்டிருந்த பாடத்திலேயே ஓர் இடம் காலியாகி, அவள் பெயர் வந்தது. செய்தி அப்பாவின் போனுக்குப் போனது. அப்பா நான்கு நாளுக்கு முன்பே 'சந்தியாகப்பர்' படகில் ஏறிப் போயிருந்தார்.

ஆறாம் தேதி புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சும்மா பார்ப்போமே என்று வெப்சைட்டைத் திறந்து பார்த்த சுபிதா மூச்சிரைக்க ஓடி வந்தாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் இடத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஏற்றுக்கொள்ளும் பட்டனை டெல்சி அழுத்தினாள். 'உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பப்பட்டது' என்று வந்தது. எண்ணை மாற்றலாமா என்று பார்த்தாள். மாற்றுவதற்கும் அதே எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகும். உதவி எண்ணைக் கூப்பிட்டால், மெயில் அனுப்புங்கள், மூன்று வேலை நாள் ஆகும் என்றார்கள். டூப்ளிகேட் சிம் வாங்க சிம்முக்கு உரியவர் நேரில் வர வேண்டும்.

"தப்பு என்னுதுதான் மக்கா. கேள்விய மட்டும் கேட்டேன், தேதியப் பாக்கல்ல" என்றாள் டெல்சி. பின்னாலேயே ஓடி வந்திருந்த சுபிதாவின் அம்மா கிரேசி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டியிருந்தால்கூட டெல்சிக்குத் தேவலை போல இருந்தது.

கடையைப் பூட்டிவிட்டு மூவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே படகுக்காரர் சங்கத்தில் வயர்லெஸ் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஞானதாசன், முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் கடல்ல சொன்னா விளங்காது, சுருக்கித் தாங்க" என்றார். டெல்சி ஒரு தாளில் எழுதினாள்: ஏசுஅடிமையின் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது. அவருடைய போனுக்கு ஒரு நம்பர் வரும். நாளை ஐந்து மணிக்குள் டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்து கூப்பிட வேண்டும்.

ஞானதாசன் அதைப் பக்கத்தில் இருந்த ஒரு படகுக்குச் சொன்னார். அந்தப் படகு தள்ளி இருந்த இன்னொன்றுக்குச் சொன்னது. இப்படிக் கைமாறிக் கைமாறிப் போய், சாயங்காலம் பதில் வந்தது. "டிரைவர் பெனிட்டோ சொல்லுகான்: வல கடல்ல கெடக்கு. ஏத்துனதும் கரையப் பாத்து ஓடுகோம்."

பதினோரு பேர் பிழைப்புக்குப் போன படகு, போன நாலஞ்சு நாளிலேயே ஒரு பிள்ளைக்காகத் திரும்புகிறது. அங்கே யார் என்ன சொல்லியிருப்பார்கள், முணுமுணுத்தவர்கள் உண்டா, உடனே சரி என்று விட்டார்களா? அன்றைக்கு முழுதும் டெல்சி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணியிலிருந்து கடையில் வேறு வேலை நடக்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு வந்தவர், ஆதார் திருத்த வந்தவர், எல்லாரும் காரியத்தை விட்டுவிட்டு கிரேசியின் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ் கம்பெனிக்காரரும் வந்துவிட்டார். நான்கு இருபத்திரண்டுக்கு அது அடித்தது.

"கொல்லத்துக்கு நேரா வந்தாச்சு. டவரு ஒரு கோடு காட்டுது" என்றார் ஏசுஅடிமை. பின்னால் இன்ஜின் சத்தம் காதைக் கிழித்தது. டெல்சி ஸ்பீக்கரைப் போட்டு, பட்டனை அழுத்தினாள்.

"நம்பர் வந்துட்டு, எழுதிக்க" என்று அவர் ஆறு எண் சொன்னார். டைப் செய்தாள். தவறு என்றது. "இன்னா, இன்னொண்ணும் இருக்கு" என்று வேறு ஆறு சொன்னார். அதுவும் தவறு. அப்போதுதான் டெல்சிக்கு உறைத்தது. ஒரு வாரமாகத் தேங்கிக் கிடந்த மெசேஜ் எல்லாம் இப்போது ஒன்றாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ரீசார்ஜ், பேங்க், நேற்று அவளே அனுப்பவைத்த பழைய ஓ.டி.பி. எல்லாம் கலந்து. மூன்றாவது முறையும் தவறினால் ஒரு மணி நேரத்துக்குப் பூட்டிவிடும் என்று திரையில் சிவப்பில் எழுதியிருந்தது. மணி நாலரை. பூட்டினால் கதை முடிந்தது.

"அண்ணே, ஒண்ணும் படிக்காதீங்க. கொட்டுறது எல்லாம் கொட்டட்டும்" என்றாள். இரண்டு நிமிடம் கழித்து, "இப்பம் நின்னுட்டா?" என்று கேட்டாள்.

"நின்னுட்டு பிள்ளே."

"நான் இப்பம் ஒண்ணு புதுசா அனுப்புகேன். இனிமே வாறத மட்டும் படிங்க. பழசு எதையும் தொடாதீங்க."

அழுத்தினாள். பிறகு அவர் ஒவ்வொரு எண்ணாக, அன்று கடையில் நின்று சொன்ன அதே நிதானத்தில் சொன்னார். டெல்சி அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திரை பச்சையானது.

கடையே கத்தியது. கிரேசி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். ஐஸ் கம்பெனிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். போனில், "கெடச்சாச்சா? கெடச்சாச்சா?" என்று பல குரல்கள்.

"கெடச்சாச்சு அப்பா" என்றாள் சுபிதா.

அப்போது பெனிட்டோவின் குரல் வந்தது. "ஏட்டி மக்கா, நான் பெனிட்டோ மாமா. என்ன படிப்பு அது? நேத்தே ஒங்கப்பன்கிட்ட கேட்டேன், முழிச்சுக்கிட்டு நிக்கான்."

சுபிதா பதில் சொல்லுமுன் ஏசுஅடிமையே பேசினார். குரல் இறங்கியிருந்தது. "கேக்க வெக்கமா இருந்துது மக்கா. கேட்டா நீ சொல்லுவ, எனக்கு விளங்காது. வெளங்காதத எங்கிட்ட சொல்லி ஒனக்கு என்னத்துக்கு சங்கடம்னு விட்டுட்டேன்."

டெல்சி சுபிதாவைப் பார்த்தாள். பதினோரு வருடமாக இந்த நாற்காலியில் இருந்துகொண்டு நம்பர், சாதிச் சான்று, வாளி, பூட்டு என்று ஆயிரம் கேட்டிருக்கிறாள். 'ஜியாலஜி' என்று தன் கையாலேயே டைப் செய்திருந்தாள். அது என்னவென்று அவளும் கேட்கவில்லை.

"பாறையப் பத்தி, மண்ணப் பத்திப் படிக்கிறது அப்பா" என்றாள் சுபிதா. "கடலுக்கு அடியில இருக்கிறதும் அதுல வரும்."

"கடலுக்கு அடியிலயா?" பெனிட்டோவின் குரல் சட்டென்று கிட்டே வந்தது. "நம்ம வல போயி மாட்டிக் கிழியுகதே ஒரு பாரு, கடலுக்குள்ள பாறையா மலை மாதிரி நிக்கும். அது எப்பிடி அங்க வந்துதுன்னு சொல்லித் தருவாவளா?"

"தருவாங்க மாமா. அதுக்குத்தான் நான் அதக் கேட்டதே. நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போ அப்பா ஒரு தடவ அந்தப் பாரப் பத்தி சொன்னாரு, யாரு கொண்டு வச்சான்னு நான் கேட்டேன். அப்பாவுக்குத் தெரியல்ல."

இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் டவர் குறைந்து விட்டுவிட்டு வந்தது. படகு மறுபடி ஆழத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. "அப்பா, டவரு போயிரும், நான் பொறவு..." என்று சுபிதா தொடங்கினாள்.

இன்ஜின் சத்தம் நின்றுபோனது. அலை படகில் அடிப்பது கடைக்குள் கேட்டது.

"பெனிட்டோ மிஷின நிறுத்திட்டான்" என்றார் ஏசுஅடிமை. "பதினோரு பேரும் இங்கதான் இருக்கோம். வெளங்கல்லன்னா திருப்பிக் கேக்கோம். நீ மொதல்ல இருந்து சொல்லு மக்கா."